தானாகக் கரையும் கட்டிக்கு இவ்வளவு பயம் ஏன் என்று கேட்டவருக்கு

*"சினைப்பையில் வரும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை தானாகவே கரைந்துவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பிறகு ஏன் பெண்கள் இதையே எண்ணி எண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்? மனத்தைத் தைரியமாக வைத்துக்கொண்டால் போதாதா?"* – ஒரு வாசகர்

ஜூன் 4, 2024

போதாது. தைரியம் குறைந்ததால் இந்தப் பயம் வருவதில்லை. தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல், அடுத்த ஸ்கேன் வரைக்கும் காத்திரு என்று சொல்லப்படுவதால் வருகிறது. நான் இப்போது அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறேன்.

வயது 36. வலப்பக்க விலாவுக்குக் கீழே வலித்தது. சிறுநீரகக் கல்லாக இருக்கும், ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் மையத்தில் என் பெயரைக் கூப்பிடும்வரை காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே சில்லென்று ஜெல்லைத் தடவி வலப்பக்கம் பார்த்தார்கள். கல் இல்லை. கருவி அப்படியே கீழே இறங்கி இடப்பக்கம் போய் நின்றுவிட்டது. மருத்துவர் அழுத்தினார், சாய்த்துப் பார்த்தார், திரையில் இரண்டு புள்ளி வைத்து ஒரு கோடு இழுத்தார். குறுக்கே இன்னொரு கோடு. "கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது?" என்று கேட்டார். "எதற்கு டாக்டர்?" என்றேன். "ரிப்போர்ட்டில் எழுதுகிறேன், உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்."

இடது சினைப்பையில் 5.4 செ.மீ. அளவில் கட்டி என்று எழுதியிருந்தது. வலி வலப்பக்கம், கட்டி இடப்பக்கம். அன்று இரவே இடப்பக்கமும் வலிக்க ஆரம்பித்துவிட்டது. இதைத் தைரியத்தால் நிறுத்த முடியுமா என்று கேள்வி கேட்ட ஐயாதான் சொல்ல வேண்டும்.

ஜூன் 5

நேற்றுக் கோபத்தில் முடித்துவிட்டேன். மகளிர் மருத்துவர் சொன்னதை எழுதாமல் விட்டது சரியல்ல, படிக்கிறவர்களுக்கு அதுதான் தேவை.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்து விளக்கினார். மாதந்தோறும் சினைப்பையில் ஒரு சிறு நீர்ப்பை வளர்கிறது. ஏறக்குறைய 2 செ.மீ. வந்ததும் வெடித்து முட்டையை வெளியே விடுகிறது. சில மாதங்களில் அது வெடிப்பதில்லை, நீர் சேர்ந்து பெரிதாகிவிடுகிறது. சில மாதங்களில் வெடித்த பிறகு வாய் மூடிக்கொண்டு உள்ளே இரத்தம் கசிந்து தங்கிவிடுகிறது. என்னுடையது இரண்டாவது வகை போலத் தெரிகிறது என்றார். ஸ்கேனில் உள்ளே வலை பின்னியது போல மெல்லிய கோடுகள் தெரிந்ததைக் காட்டி, இரத்தம் உறைந்தால் இப்படித்தான் தெரியும் என்று சொன்னார். இரத்தக் கட்டியாக இருந்தால் 6 முதல் 12 வாரங்களுக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். ஜூலை மாதக் கடைசியில், மாதவிலக்கு முடிந்த கையோடு மறு ஸ்கேன். ஏன் அப்போது என்றால், மாதத்தின் பின்பாதியில் எடுத்தால் புதிதாக வளரும் நீர்ப்பையைப் பார்த்துப் பழையது என்று குழம்ப வாய்ப்பு உண்டு.

கேட்கும்போது எல்லாம் புரிந்தது. வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றபோது "போலத் தெரிகிறது" என்ற இரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சின.

ஜூன் 9

"நீர்க்கட்டி என்றால் பி.சி.ஓ.எஸ். தானே அக்கா, நடைப்பயிற்சி செய்தால் சரியாகிவிடுமே" என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறார். என் வீட்டிலும் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். அது வேறு, இது வேறு அம்மா. பி.சி.ஓ.எஸ். ஹார்மோன் சமநிலை சார்ந்த நீண்ட காலப் பிரச்சினை. அதில் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில் நிறைய நீர்ப்பைகள் வளராமல் நின்றுவிடும். எனக்கு இருப்பது ஒரே கட்டி, 5 செ.மீ.க்கு மேல், மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. நடப்பது நல்லதுதான், நான் தினமும் நடக்கிறேன். ஆனால் கட்டி கரைவதற்காக நடக்கவில்லை, மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குள் இருந்தால் நெஞ்சு படபடக்கிறது, அதற்காக நடக்கிறேன்.

ஜூன் 10

சித்தி கழற்சிக்காய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து மிளகுடன் பொடித்து மோரில் குடிக்க வேண்டுமாம். "மூன்று மாதத்தில் கட்டி போன இடம் தெரியாது" என்றார். ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் இந்த வகைக் கட்டிகள் பெரும்பாலும் அதே மூன்று மாதத்துக்குள் போய்விடும் என்பதுதான் விஷயம். யார் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குப் போகும். கருத்தடை மாத்திரையைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். ஏற்கெனவே வந்துவிட்ட இந்த வகைக் கட்டியை அந்த மாத்திரை விரைவாகக் கரைப்பதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை சொல்கிறது. சித்தியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அம்மா கிண்டிய உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கூடுதலாக ஊற்றி இருவரும் சாப்பிட்டோம். அவர் அக்கறையை வாங்கிக்கொண்டேன், காயை டப்பாவில் போட்டு மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

ஜூன் 16

தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நேற்று முழுவதும் அதே நினைப்பாக இருந்தேன். வயது 26, வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 4.6 செ.மீ. சாதாரண நீர்க்கட்டி. "யாரிடமும் மூச்சுவிடாதே, தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும்" என்று அம்மா சொல்லிவிட்டாராம். ஸ்கேனுக்குக்கூட வேறு ஊருக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

தங்கையே, முதலில் உங்கள் கட்டியைப் பற்றி. உள்ளே தடுப்பு இல்லாமல், கெட்டியான பகுதி இல்லாமல், வெறும் நீர் மட்டும் உள்ள 5 செ.மீ.க்குக் குறைந்த கட்டிக்கு, மாதவிலக்கு நிற்காத வயதில், பொதுவாகத் தொடர் ஸ்கேன்கூடத் தேவையில்லை என்பதுதான் பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல். 5 முதல் 7 செ.மீ. வரை இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறது. உங்கள் மருத்துவர் மறு ஸ்கேன் சொல்லியிருந்தால் போய் எடுங்கள், அது முன்னெச்சரிக்கை. திருமணமாகாதவர் என்று சொல்லிவிட்டால் கருவியை உள்ளே செலுத்தாமல் வயிற்றின் மேல் வைத்தே பார்ப்பார்கள், அந்தப் பயமும் வேண்டாம். குழந்தை பிறக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட கட்டி பெரும்பாலும் முட்டை வளரும் வழியில் வருவது, அப்படியானால் அந்தச் சினைப்பை வேலை செய்கிறது என்பதற்கே அது அடையாளம்.

அம்மாவைப் பற்றி என்ன சொல்வது? அவருடைய பயம் எனக்குப் புரிகிறது, பெண் பார்க்க வருகிறவர்கள் எதையெல்லாம் கேட்பார்கள் என்று அவர் கண்டிருப்பார். ஊருக்குச் சொல்ல வேண்டாம். அது உங்கள் உடம்பு, உங்கள் விஷயம். ஆனால் ஒருவரிடமாவது சொல்லுங்கள். தோழியோ, அத்தை மகளோ, யாராவது ஒருவர். வாய்விட்டுச் சொல்லாத பயம் இரவில் பேசத் தொடங்கிவிடும். வீட்டில் யாரும் இல்லையென்றால் 14416க்கு அழைக்கலாம், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

ஜூன் 17

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். "சொல்லுங்கள்" என்று எளிதாக எழுதிவிடலாம், கேட்கிறவர் எப்படிக் கேட்கிறார் என்பதும் இருக்கிறது. என் கணவர் அன்பானவர். நான் சொன்னதும் "ஒன்றும் இருக்காது" என்றார். அடுத்த நாளும் "ஒன்றும் இருக்காது" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு பேசுவதற்கு இடமே இல்லாமல் போனது. பயந்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிறது, பயப்படாவிட்டால் பொய்யாகிறது. ஒருநாள் இரவு இதை அவரிடமே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதுவோம், வா" என்று மகனின் ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனவே தங்கையே, சொல்லும்போது, "ஆறுதல் வேண்டாம், கூட உட்கார்ந்து கேட்டால் போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்த நோட்டில் எழுதிய கேள்விகளைச் சிலர் கேட்டிருந்தீர்கள்: கட்டி நீர் மட்டும்தானா, உள்ளே தடுப்பு உண்டா? கெட்டியான பகுதி ஏதாவது தெரிகிறதா, அதற்குள் இரத்த ஓட்டம் இருக்கிறதா? அடுத்த ஸ்கேன் எந்தத் தேதி, அதில் அளவு கூடியிருந்தால் என்ன செய்வீர்கள்? அறுவை சிகிச்சை என்றால் கட்டியை மட்டுமா, சினைப்பையையும் சேர்த்தா? எந்த அறிகுறி வந்தால் அந்த நேரமே ஓடிவர வேண்டும்?

ஜூன் 18

கடைசிக் கேள்விக்கு என் மருத்துவர் சொன்ன பதிலைத் தனியாக எழுதுகிறேன், எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி. அல்லது மயக்கம், தலைசுற்றல். அல்லது காய்ச்சலோடு அடிவயிற்று வலி. கட்டியின் பாரத்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும், சில மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் சினைப்பையைக் காப்பாற்றலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது.

இந்தப் பட்டியல் பயமுறுத்துவதாக ஒரு தோழி சொல்கிறார். எனக்கு நேர்மாறாக இருந்தது. அதுவரை குளிக்கும்போதெல்லாம் விரல் நுனியால் இடப்பக்க அடிவயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்திய இடம் வலிக்கும், வலித்ததும் மறுபடி அழுத்துவேன், மாலைக்குள் அந்த இடம் கன்றிப்போனது போல ஆகிவிடும். எது ஆபத்து என்று தெரிந்த பிறகு, மற்ற சுருக், குத்தல், உப்புசம் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று ஆனது. கை இன்னும் அங்கே போகிறது, போனதும் எடுத்துவிடுகிறேன்.

ஜூலை 2

மோசமான வாரம். அண்ணி, "சி.ஏ. 125 எடுத்தாயா? அதுதானே புற்றுநோய்க்குப் பார்க்கும் இரத்தச் சோதனை" என்று கேட்டுவிட்டார். அவர் தீய எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் இரவு ஒரு மணிவரை செல்பேசியில் அதையே படித்துக்கொண்டிருந்தேன். காலையில் மருத்துவருக்குத் தொலைபேசியில் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்: சாதாரண அளவு 35 வரை. அதைத் தாண்டினால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), கருப்பைத் தசைக்கட்டி, வயிற்றுக் காசநோய், கருத்தரிப்பு, ஏன், மாதவிலக்கு நாட்களில்கூட ஏறும். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் ஏறாமலும் இருக்கலாம். உங்கள் வயதில், உங்கள் ஸ்கேன் இருக்கிற இருப்பில், அந்த எண் வந்தால் உங்களுக்குப் புதிதாக ஒரு கவலைதான் வரும் என்றார். மாதவிலக்கு நிற்காத பெண்களில், தொந்தரவு தந்து கண்டுபிடிக்கப்படும் கட்டிகளில்கூட ஆயிரத்தில் ஒன்றுதான் புற்றாக இருக்கும் என்று நான் முன்பு சொன்ன அதே வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது.

ஆயிரத்தில் ஒன்று என்றதும் "அந்த ஒன்று நானாக இருந்தால்?" என்றுதான் மனம் கேட்கும். எனக்கும் கேட்டது. புள்ளிவிவரத்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அது நானாகவே இருந்தாலும், தேதி குறித்து ஸ்கேன் பார்க்கிறார்கள், விட்டுவிடவில்லை என்பதுதான் என்னைத் தாங்கியது.

அன்றிலிருந்து செல்பேசி இரவு ஒன்பதுக்கு மேல் கூடத்து அலமாரியில். கவலைப்படுவதற்கு மாலையில் ஒரு நேரம் வைத்திருக்கிறேன். மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது, எவ்வளவு வேண்டுமானாலும் கவலைப்படலாம். மற்ற நேரத்தில் வந்தால், "மாலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிடுவேன். கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் மாலை வரும்போது பாதி வரிகளுக்கு உயிரே இருக்காது.

ஜூலை 13

தலைப்பை விட்டு விலகி ஒன்று. செல்பேசியை உள்ளே வைப்பதற்கு முன் படித்தவற்றில் ஒரே ஒரு கதை நல்லது செய்தது. 1809ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கியில், ஜேன் டாட் க்ராஃபோர்ட் என்ற பெண்ணுக்கு எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர் சினைப்பைக் கட்டியை அறுத்து எடுத்தார். கட்டி சுமார் 10 கிலோ. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் வழக்கம் அங்கே வராத காலம். அதுவரை இரட்டைக் குழந்தை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜேன் குதிரையில் ஏறி 60 மைல் பயணம் செய்து டான்வில் என்ற ஊருக்குப் போய்ப் படுத்தார். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

அவர் வலியைத் தாங்கியதை நினைத்து வியந்தேன் என்று நினைக்காதீர்கள். மெக்டவல் அந்தப் பெண்ணிடம் எதையும் மறைக்கவில்லை: இது கட்டி, குழந்தை இல்லை, இப்படி ஒரு அறுவை சிகிச்சை நடந்ததில்லை, இது ஒரு சோதனை முயற்சி, ஆபத்தானது, நீங்கள் வருவதானால் செய்கிறேன் என்றார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நோயாளியிடம் இவ்வளவு சொல்ல முடிந்திருக்கிறது. ஸ்கேன் அறையில் கேட்டவளுக்கு, "சினைப்பையில் ஒரு நீர்க்கட்டி தெரிகிறது, பெரும்பாலும் பயப்பட வேண்டியிருக்காது, உங்கள் மருத்துவர் விவரமாகச் சொல்வார்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாமே! அந்த ஒரு வாக்கியம் எத்தனை இரவுகளைக் காப்பாற்றியிருக்கும்?

ஜூலை 14

ஸ்கேன் மையத்தில் வேலை பார்க்கும் ஒருவர் எழுதியிருக்கிறார்: ஒரு நாளைக்கு நிற்க நேரமில்லாத கூட்டம், அரைகுறையாகச் சொல்லி நோயாளி தவறாகப் புரிந்துகொண்டால் பெரிய சண்டையாகிவிடும், அதனால்தான் சொல்வதில்லை என்று. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் கேட்பது நோயின் பெயரை அல்ல. திரையைப் பார்த்துக்கொண்டே பேசாமல் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை. அதில் மாற்றமில்லை.

ஜூலை 27

இன்று மறு ஸ்கேன். 2.1 செ.மீ. உள்ளே இருந்த வலைக்கோடுகள் இல்லை. "வற்றிக்கொண்டிருக்கிறது, இனி ஸ்கேன் வேண்டாம், தொந்தரவு வந்தால் மட்டும் வாருங்கள்" என்றார் மருத்துவர். வலப்பக்க வலி தசைப்பிடிப்பாம், அதற்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

வரும் வழியில் வண்ணார்பேட்டையில் இறங்கி மகனுக்கு அல்வா வாங்கினேன். வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆகஸ்ட் 3

எதிர்பாராதது ஒன்று. நல்ல செய்தி வந்தும் நிம்மதி வரவில்லை. காலையில் எழுந்ததும் வயிற்றில் அதே கலக்கம், அதற்குக் காரணம்தான் இல்லை. கை பழைய இடத்துக்குப் போகிறது. "இன்னொரு கட்டி வருமா?" என்று தேடத் தோன்றுகிறது. வீட்டில் எல்லோரும் அந்தப் பேச்சை முடித்துவிட்டார்கள், நான் இன்னும் முடிக்கவில்லை.

கோவையிலிருந்து ஒரு அக்கா எழுதியது உதவியது. அவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் கட்டி, லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை) செய்து எடுத்திருக்கிறார்கள், சினைப்பை பத்திரமாக இருக்கிறது. அறுவை சிகிச்சையின்போது இருந்ததைவிட வீட்டுக்கு வந்த பிறகுதான் தனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, சில மாதங்கள் மனநல ஆலோசகரிடம் போனேன் என்று வெளிப்படையாக எழுதியிருந்தார். கட்டி போய்விட்டது, இனி எதற்கு ஆலோசகர் என்று வீட்டில் கேட்டார்களாம். என்னையும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனாலும் புதன்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8

ஆலோசகரிடம் போய் வந்தேன். நிறைய எழுத வேண்டும் என்றில்லை. மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று தோன்றும்போதெல்லாம் எடுத்தால், ஒரு வாரம் நிம்மதி, பிறகு அதே இடம் என்று அந்த அம்மா காட்டிக்கொடுத்தார். ஒரு நாள் தள்ளிப்போடுவது, பிறகு இன்னொரு நாள். அதைத்தான் செய்கிறேன்.

ஆகஸ்ட் 25

மதுரையிலிருந்து ஒரு மகள் தன் அம்மாவுக்காகக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது, மாதவிலக்கு நின்று ஆறு ஆண்டுகள், சினைப்பையில் 4 செ.மீ. கட்டி. "நீங்கள் எழுதியதைப் படித்து, தானாகப் போய்விடும் என்று அம்மா டாக்டரிடம் போக மறுக்கிறார்" என்கிறார். இதை எல்லோரும் கவனியுங்கள். நான் எழுதியது முழுவதும் மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும் வயதுக்கு. அது நின்ற பிறகு மாதாந்திர நீர்ப்பை வளர்வதில்லை, எனவே கட்டிக்கு வேறு காரணம் தேட வேண்டும். அந்த வயதில் சி.ஏ. 125ஐயும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஸ்கேனில் வெறும் நீர், அளவு 5 செ.மீ.க்குக் கீழே, அந்த எண்ணும் சரி என்றால் அப்போதும் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதங்களில் மறு ஸ்கேன்தான், உடனே கத்தி இல்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக வயிறு உப்பியே இருக்கிறதா, இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறதா, அடிக்கடி சிறுநீர் போகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் இந்த வாரமே, இல்லாவிட்டாலும் இந்த மாதத்துக்குள். கேள்விகள் ஜூன் 17ஆம் தேதிக் குறிப்பில் இருக்கின்றன, ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அம்மா தனியாகப் போக வேண்டாம், நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள்.